முத்திரைச் சிவப்பு

பலெர்மோவில், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இடிபட்டுக்கொண்டு இருந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். இப்போது ஆளுக்கொரு நாடாகச் சிதறிவிட்டீர்கள். இருபத்தைந்து முடிந்த உடனேயே கிழவி மாதிரிப் பழங்கதை எடுக்கத் தொடங்கிவிட்டாள் என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். பத்து வயதில் பெரியவர்களுக்கு வாயாக இருந்தவர்கள் நாங்கள். டொக்டரிடம் அம்மாமாரின் வயிற்றுவலியைச் சொன்னதும் நாங்கள்தான், குவெஸ்தூராவில் விசாப் பேப்பருக்காகப் பொலிஸ்காரனிடம் பதில் சொன்னதும் நாங்கள்தான். எங்களுக்கு வயது இரண்டு இரண்டாகத்தான் ஏறியது.

நான் சொல்வது சண்டை முடிந்து இரண்டாவது வருடம் வந்த மாசி, பங்குனி. மாமா சியாகுல்லித் தோட்டத்தில் மந்தரீன் தோடம்பழம் ஆய்ந்துகொண்டிருந்த காலம். அவர் வேலை முடிந்து வரும்போது இலையோடு ஒரு பை கொண்டுவருவார். எங்கள் ஒற்றை அறை வீடு முழுக்கத் தோல் மணக்கும். அம்மாவும் நானும் வன்னியிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அப்பா வரவில்லை. அப்பா தடுப்பு முகாமில் இருக்கிறார், ஒரு நாள் விடுவார்கள், விட்டதும் வந்துவிடுவார் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். நான் அதை வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். வகுப்பில் இத்தாலியப் பிள்ளைகள் கேட்டாலும் அதையே ஒப்பித்தேன்.

அம்மா வேலை செய்தது ஒரு ஓவியர் வீட்டில். வுச்சீரியாச் சந்தைக்கு மேலே, மூன்றாம் மாடி. மாமா அவரைச் "சீனாக்காரர்" என்பார். சந்தைக்காரரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவர் வியட்நாம்காரர். இளம் வயதில் பாரிசுக்குப் படம் வரையப் படிக்கப் போனவர், அங்கே ஒரு பலெர்மோப் பெண்ணைக் கட்டி, அவருடைய ஊரென்று இங்கே வந்து, அவர் செத்த பிறகும் இங்கேயே தங்கிவிட்டவர். வயது எழுபதைத் தாண்டியிருந்தது. வந்து போகும் இத்தாலியர்கள் "மயெஸ்த்ரோ" என்று குனிந்து சொல்ல, அம்மா அதை "மாஸ்ரர்" ஆக்கிவிட்டார். பெயர்தான் மாஸ்ரர். அவர் யாருக்கும் எதையும் படிப்பித்து நான் பார்த்ததில்லை. எனக்கு ஒரு பென்சில்கூடத் தந்ததில்லை. கஞ்சன் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் வரைவது பட்டில். மரச் சட்டத்தில் பட்டை இழுத்துக் கட்டி, மெல்லிய தூரிகையால் கோடு போடுவார். பிறகு நிறம். நிறம் காய்ந்ததும் குளியல் தொட்டிக்குள் கொண்டுபோய்த் தண்ணீரில் அலசுவார். பாதி நிறம் ஓடிவிடும், மிச்சம் நூலுக்குள் போய் உட்காரும். திரும்ப நிறம், திரும்ப அலசல். ஒரு படத்துக்கு இருபது முப்பது தரம்.

இது தெரியாமல் அம்மா முதல் நாளே சவர்க்காரத்தோடு போயிருக்கிறார். தொட்டிக்குள் ஒரு பட்டுத்துணி ஊறிக்கிடந்தது, அதில் ஒரு பெண்ணின் முகம். யாரோ நல்ல துணியில் மை கொட்டிவிட்டார்கள் என்று நினைத்துக் கசக்கக் கையை வைத்தாராம். மாஸ்ரர் கோப்பிக் கோப்பையோடு ஓடிவந்து தடுத்ததில் கோப்பி முழுக்க அம்மாவின் சட்டையில். "நல்ல காலம் பிள்ளை, இல்லாட்டி அண்டைக்கே வேலையும் போய், விசாவும் போயிருக்கும்," என்று அம்மா அடிக்கடி சொல்லிச் சிரிப்பார். மாஸ்ரரின் கையெழுத்திலும் அவர் வீட்டு வேலையிலும்தான் அம்மாவின் பெர்மெஸ்ஸோ, இங்கே தங்கும் அனுமதி, தொங்கிக்கொண்டிருந்தது.

பிறகு அந்த வீட்டில் அம்மாவின் மதிப்பு ஏறியதற்குக் காரணம் கஞ்சி. முடிந்த பட்டுக்குப் பின்னால் தாள் ஒட்ட வேண்டும், அதற்கு அரிசிப் பசைதான் வேண்டும் என்பார் மாஸ்ரர். அவர் காய்ச்சுவது கட்டி கட்டியாக வரும். அம்மா ஒரு நாள் அவரைத் தள்ளிவிட்டுத் தானே காய்ச்சி, மெல்லிய துணியில் வடித்துக் கொடுத்தார். அவர் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். அன்றிலிருந்து குசினி அம்மாவுடையது.

எனக்கு அந்தப் படங்கள் குழப்பமாக இருந்தன. பெண்களின் கழுத்து நீண்டு, உடம்பு கோடாய் இழுபட்டு, அவருடைய ஊர் மாதிரி இருக்கும். ஆனால் முகத்தில் ஒரு பக்கத்து யன்னல் வெளிச்சம் விழுந்து, மறுபக்கம் நிழலடித்து, இங்கத்தைய கோவில் மாதாக்கள் மாதிரியும் இருக்கும். மேசையில் பூச்சாடிக்குப் பக்கத்தில் எங்கள் மாமாவின் மந்தரீன். இது எந்த ஊர் என்று ஒருமுறை கேட்டேன். அவர் பேசியது அரைகுறை இத்தாலியன், எனக்கு இப்போது தமிழில்தான் ஞாபகம் வருகிறது.

"பாரிசில் என்னை ஆசியன் என்றார்கள். ஊருக்குப் போனேன், பிரெஞ்சுக்காரன் ஆகிவிட்டாய் என்றார்கள். கீழே சந்தையில் சீனன். நீ என்ன சொல்கிறாய்?"

"எனக்குத் தெரியாது. அதுதான் கேட்டனான்," என்றேன்.

அவர் பெரிதாகச் சிரித்துவிட்டு மீன் சூப்பைக் குடிக்கப் போய்விட்டார். பதில் கிடைக்காத கோபம் எனக்கு அன்று முழுக்க இருந்தது.

அந்த மாசியில்தான் அவர் அம்மாவை வரையத் தொடங்கினார். பாரிசில் ஒரு காட்சிக்கு அனுப்ப வேண்டிய படம். நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும் காலை வேளைகளில், கிழமைக்கு இரண்டு நாள், அம்மா யன்னலடிக் கதிரையில் இரண்டு மணித்தியாலம் இருப்பார். வேலை முடிந்த பிறகுதான். அம்மாவுக்கு வேலையில் கள்ளம் செய்யத் தெரியாது. மாமாவுக்குச் சொல்லக் கூடாது என்று எனக்குக் கட்டளை. புருசன் தடுப்பில் இருக்க, பெண்சாதி ஒரு ஆம்பிளைக்கு முன்னால் சும்மா இருந்து படம் கீற விடுகிறாளாம் என்று ஊர் வாய் மெல்லும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? நாங்கள் குடியிருந்த கபோப் பகுதியில் எங்கள் ஆட்கள் இருந்த நாலு தெருவே எங்களுக்கு ஊர்தான்.

அந்த ஊருக்கு வாய் கடை அன்ரி. அரிசி, தேங்காய்ப்பூ, சீடி, ஒட்டுப்பொட்டு எல்லாம் விற்கிற கடை. அம்மாவுக்குப் பொட்டு அட்டை வாங்கி வருவது என் வேலை. மெரூன் நிறம், வெல்வெட், நடு அளவு. ஒருமுறை அன்ரி அட்டையைத் தந்துகொண்டே என் கன்னத்தைப் பிடித்தார்.

"கொம்மாவைப் பார், காய்ச்சலெண்டாலும் பொட்டை விடாள். உந்தப் பொட்டுத்தான் கொப்பரை உயிரோடை வைச்சிருக்கு."

பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லக்கூடிய கதையா இது? அன்ரி அன்பாகத்தான் சொன்னார். அப்பாவின் உயிர் அந்தப் பொட்டில்தான் என்று நான் அதை அப்படியே விழுங்கிவிட்டேன். அதற்குப் பிறகு அட்டையில் எத்தனை பொட்டு மிச்சம் என்று நானே பார்க்கத் தொடங்கினேன். காலையில் அம்மா பொட்டு வைக்கும்வரை சப்பாத்துப் போட மாட்டேன். அம்மா கண்ணாடியைப் பார்க்காமலே வைப்பார். சின்ன விரலால் ஒரு அழுத்து, அவ்வளவுதான். பழக்கமாக்கும் என்று நினைத்தேன்.

பள்ளிக்கூடம் விட்டு ஒன்றரைக்கு மாஸ்ரர் வீட்டுக்குப் போவேன். சாப்பிடக் கை கழுவப் போன இடத்தில், குளியலறைக் கண்ணாடியின் கீழ் ஓரத்தில் அதைக் கண்டேன். மெரூன் பொட்டுகள். முதலில் ஒன்று. பிறகு இரண்டு. பங்குனி பிறந்தபோது ஏழு. ஒவ்வொரு நாளும் அம்மா வீட்டுக்குப் புறப்படும்போது நெற்றியில் பொட்டு இருந்தது, பையிலிருந்து புதிது எடுத்து வைத்துக்கொள்வார் போல. அப்படியென்றால் கதிரையில் இருக்கும்போது இல்லை.

பட்டில் ஒவ்வொரு நாளும் அம்மாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருந்தது. கண், மூக்கு, காதுக்குப் பக்கத்து மச்சம். தலைக்கு மேல் ஒரு வெள்ளைத் துணி, மாதாவின் முக்காடு மாதிரி, நெற்றியின் மேல் விளிம்பைத் தொட்டுக்கொண்டு. அதற்குக் கீழே நெற்றி வெறுமையாக இருந்தது. கடைசியில் வைப்பாராக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பொட்டு கடைசியில்தானே வைப்பது?

வைக்கவில்லை. ஒரு நாள் நான் போனபோது படம் முடிந்து, பின்னால் அம்மாவின் கஞ்சிப் பசையில் தாள் ஒட்டி, மேசையில் கிடந்தது. மூலையில் இத்தாலிய எழுத்தில் அவருடைய கையெழுத்து. அதற்குக் கீழே தன் ஊர் முறைப்படி ஒரு சதுர முத்திரை, சிவப்பில். மறுநாள் படத்துக்குப் பெட்டி அடிக்கிறவர்கள் வருவதாக இருந்தது. மாஸ்ரர் சாய்வுக் கதிரையில் நித்திரை. அம்மா பாண் வாங்கக் கீழே போயிருந்தார்.

நான் படத்தின் முன்னால் நின்றேன். இதைப் பாரிசில் சனம் பார்க்கும். எல்லாரும் பார்த்து, பொட்டில்லாத பெண் என்று நினைப்பார்கள். அத்தனை பேர் நினைத்தால் அப்பாவுக்கு என்ன ஆகும்? மாஸ்ரரின் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. கழுத்தை நீட்டு, முக்காடு போடு, என்னவும் செய். எங்கள் அப்பாவை ஏன் தொடுகிறாய்?

முத்திரை மை பக்கத்தில் ஒரு சின்னப் பீங்கான் பேணிக்குள் இருந்தது. மூடியைத் திறந்தேன். எண்ணெயில் குழைத்த குங்குமம் போல, தடித்த சிவப்பு. மோதிர விரலில் கொஞ்சம் எடுத்தேன். புருவ நடுவுக்குச் சற்று மேலே, அளவாக, வட்டமாக வைத்தேன். நான் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு நேர்த்தியாக ஒரு வேலையும் செய்ததில்லை. பிறகு விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு, யன்னலடியில் இருந்து ஒரு மந்தரீனை உரித்துத் தின்றேன். அப்பாவைக் காப்பாற்றிவிட்ட நிம்மதி.

அம்மா பாணோடு உள்ளே வந்து, மேசையைப் பார்த்து, "ஐயோ" என்று கத்தியதில் மாஸ்ரர் திடுக்கிட்டு எழுந்தார். அம்மா ஈரத்துணியை எடுத்துக்கொண்டு ஓட, அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். பட்டு நிறமென்றால் தண்ணீருக்குப் போகும், முத்திரை மை எண்ணெய், தண்ணீருக்கு அசையாது, தேய்த்தால் முகமெல்லாம் பரவும் என்றார். அவர் குரல் உயரவில்லை. அம்மாவின் கைதான் உயர்ந்தது. என் வாழ்க்கையில் அம்மா என்னை அடித்தது அந்த ஒரு தரம்.

"ஏன்டி வைச்சனி? ஏன் வைச்சனி? எங்கடை சோத்திலை மண் போடவோ?"

"பொட்டில்லாமல் கீறினா அப்பா செத்துப்போவார்!"

அம்மாவின் அடித்த கை பாதியில் நின்றது. மாஸ்ரர் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மாவுக்கும் அவருக்கும் நடுவில், அவர் கேட்டால் மொழிபெயர்ப்பது என் வேலை. அன்று அவர் கேட்கும் முன்பே நான் தொடங்கிவிட்டேன். அழுதுகொண்டு, சந்தைக்காரப் பெண்கள் சண்டை பிடிக்கும் அதே சிசிலிய இழுவையில் கத்தினேன். நீங்கள் என் அம்மாவின் பொட்டைக் கழற்றிவிட்டீர்கள். எங்கள் ஆட்களில் புருசன் செத்த பெண்தான் பொட்டில்லாமல் இருப்பாள். என் அப்பா சாகவில்லை. வருவார்.

மாஸ்ரர் குழம்பிப்போய் அம்மாவைப் பார்த்தார்.

"ஆனால் சிஞ்ஞோரா, நீங்கள்தானே தெரிந்த நாலு சொல்லில் சொன்னீர்கள். விதவை என்று. அப்படியே வரையுங்கள் என்று நீங்கள்தானே கேட்டீர்கள்? அதனால்தானே அந்த வெள்ளைத் துணி? எங்கள் ஊரில் செத்த வீட்டில் தலையில் கட்டுவது அது."

சொல்லி முடித்த பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். வாயைக் கையால் பொத்திக்கொண்டார். பிள்ளைக்குத் தெரியும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். தெரியாமல் எப்படி இருக்கும் என்று யாரும்தான் நினைப்பார்கள். விதவை என்பதற்கு இத்தாலியனில் என்ன சொல் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துப் படிவம் ஒன்றில் அம்மாவுக்காக அந்தப் பெட்டியை வெறுமையாக விட்டு, மணமானவர் என்ற அடுத்த பெட்டியில் நானே புள்ளடி போட்டிருக்கிறேன்.

அம்மா நிலத்தில் இருந்துவிட்டார். என்னை இழுத்து மடியில் இருத்தப் பார்த்தார், நான் போகவில்லை.

"அண்டைக்கு உனக்குக் காய்ச்சல், குஞ்சு. பங்கருக்குள்ளை படுத்திருந்தனி. அப்பா உனக்குக் கஞ்சி வாங்கப் போனவர். போன இடத்திலை ஷெல் விழுந்தது."

"பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள் எண்டுதானே சொன்னீங்கள்?"

"ஓம். சொன்னனான்."

"அப்ப செத்ததை ஆர் கண்டது?"

"நான்தான் தாட்டனான். கையாலை மண் கிண்டி."

எனக்கு அந்தக் கை ஞாபகம் வந்தது. காய்ச்சலில் கண் திறந்தபோது அம்மா என் நெற்றியைத் தொட்டார். விரல் முழுக்க மணல். நகத்துக்குள் எல்லாம். கிணற்றடிக்குப் போனவர் என்று நினைத்துத் திரும்ப நித்திரையாகிவிட்டேன். எட்டு வயதில் கண்டதைப் பத்து வயதில் விளங்கிக்கொண்டேன்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ ஒவ்வொரு நாளும் அப்பா எப்ப வருவார் எண்டு கேட்டனி. நாளைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டு இருந்தன். பொட்டை எடுத்தால் நீ கேப்பாய். மாமாவும் வேண்டாமெண்டார். அதாலை வைச்சுக்கொண்டே திரிஞ்சன்." அம்மா யன்னலடிக் கதிரையைக் காட்டினார். "இஞ்சை வந்துதான், உதிலை, ரெண்டு மணித்தியாலம் நான் கழட்டி வைச்சிட்டு இருந்தனான்."

"அழுதனீங்களோ?"

"இல்லை. சும்மா இருந்தனான்."

எனக்கு அழுகை நின்று கோபம் வந்தது. இரண்டு வருடமாக அப்பாவுக்கு என் பள்ளிக்கூடப் பரிசுகளை ஒரு பெட்டியில் சேர்த்து வைத்திருந்தேன். அதை நினைத்ததும் அம்மாவை வெறுத்தேன். இன்றைக்கு அதே அம்மாவின் இடத்தில் என்னை வைத்துப் பார்க்கிறேன், நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. பிழை என்று மட்டும் தெரிகிறது. உங்களிலும் எத்தனை பேர் வீட்டில் இப்படி ஒரு பொய் சோறு போட்டு வளர்க்கப்பட்டது என்று யோசிக்கிறேன்.

மாஸ்ரர் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து எங்களுக்குப் பக்கத்தில் நிலத்திலேயே இருந்தார். சிஞ்ஞோரா திரும்பக் கதிரையில் இருந்தால் புதிதாக வரையலாம், காட்சிக்காரருக்குப் பிந்தும் என்று சொல்லிவிடுகிறேன் என்றார். அம்மா இல்லையென்று தலையாட்டினார்.

"வேண்டாம் எண்டு சொல்லு. என்ரை பிள்ளை வைச்சது. இருக்கட்டும்."

நான் சொன்னேன். ஒரு சொல்லும் பிசகாமல் சொன்னேன். அவர் படத்தைத் தூக்கி யன்னல் வெளிச்சத்தில் வைத்து அந்தப் பொட்டையே பார்த்தார். பிறகு சரி என்றார்.

பின்னாளில் அந்தப் படத்தைப் பற்றிப் பத்திரிகையில் எழுதிய பக்கத்தை அவர் எனக்குக் காட்டினார். முக்காட்டில் ஐரோப்பிய மாதா இருக்கிறாளாம், கோட்டில் ஆசியா இருக்கிறதாம், அந்தச் சிவப்புப் புள்ளியில் இரண்டும் சந்திக்கின்றனவாம். ஓவியரின் துணிச்சலாம். நாங்கள் மூன்று பேரும் அந்தக் குசினியில் வயிறு நோகச் சிரித்தோம். துக்கத்துணி என்று எழுதினவர் ஒருவரும் இல்லை. படத்தை யாரோ வாங்கிப் போனார்கள். எந்த நாட்டில், யார் வீட்டுச் சுவரில் இருக்கிறதோ. எங்களிடம் அதன் போட்டோகூட இல்லை.

ஆனால் அந்தப் பின்னேரத்துக்கு வருகிறேன். அம்மா குளியலறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். பையைத் திறந்து அட்டையை எடுக்கவில்லை. அப்படியே படியிறங்கினோம். சந்தை மூடிக்கொண்டிருந்தது, மீன் பலகைகளைக் கழுவிய தண்ணீர் தெருவில் ஓடியது. அம்மா என் கையைப் பிடிக்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. அம்மாவுக்கு ஒரு அடி பின்னால் நடந்தேன். கபோவுக்குள் நுழைந்ததும் அம்மாவின் நடை மெதுவாகிவிட்டது. வேறு தெருவால் போயிருக்கலாம். போகவில்லை.

கடை அன்ரி வாசலில் வெங்காய மூட்டையை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"என்னடியப்பா, நெத்தி வெறுமையாக் கிடக்கு? விழுந்திட்டுதே? பொழுதுபடுற நேரம், உப்பிடியே வீட்டை போறது? நில்லு, நில்லு, என்னட்டைக் கிடக்கு."

அம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அன்ரி அதற்குள் உள்ளே போய் ஒரு அட்டையைப் பிரித்து, ஒரு பொட்டை உரித்து விரல் நுனியில் ஏந்திக்கொண்டு வந்துவிட்டார். அம்மா பின்னால் போகவுமில்லை, தலையைத் திருப்பவுமில்லை. சின்னப் பிள்ளை மாதிரி முகத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றார். இன்னும் ஒரு விரற்கடை நெருங்கியிருந்தால் அன்ரி வைத்திருப்பார். இன்னொரு வருடத்துக்கு நாங்கள் அதையே சுமந்திருப்போம்.

நான் நடுவில் புகுந்து அன்ரியின் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"வேண்டாம் அன்ரி. அப்பா செத்துப்போனார்."

அம்மாவின் கை வந்து என் தோளில் விழுந்தது, பாரம் முழுக்க என் மேல். அன்ரி விரலைத் தூக்கியபடியே நின்றார். உரித்த பொட்டு அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.